டிராக் டேயில் பிரேக் பெடல் தளர்கிறது: பெரிய காலிப்பர் வாங்க வேண்டுமா, வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?

#1 உள்வளைவு

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 1600 கிலோ எடையும் 400 குதிரைத்திறனும் கொண்ட பின்சக்கர இயக்க செடான் ஒன்றை, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் வார இறுதி டிராக் டேக்களில் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு), அதை அழுத்தி உராயும் பேட், டயர், பிரேக் ஆயில் உட்பட எல்லாமே கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே உள்ளன. முதல் சில சுற்றுகள் வரை பிரேக் மிகச் சிறப்பாக இருக்கிறது. பிறகு நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் பெடலை மிதிக்கும்போது கால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. ஒருமுறை மிதித்து விட்டு மறுபடி மிதித்தால்தான் அழுத்தம் கிடைக்கிறது. தடத்தின் ஓரத்து நிறுத்துமிடமான பிட்டுக்குள் வந்து அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

ஆறு பிஸ்டன் காலிப்பரும் (பேட்டை டிஸ்க்கின் மேல் இறுக்கும் கவ்வி) பெரிய டிஸ்க்கும் பொருத்தினால்தான் இது தீரும் என்று ஒரு பணிமனையில் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். வேறு இரண்டு ஐயங்களும் உண்டு. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை (வழுக்கும் காரைத் தானாகத் திருத்தும் கணினி அமைப்பு) அணைத்துவிட்டு ஓட்டுவது நல்லதா? முன் டயர்களின் வெளிவிளிம்பு மட்டும் வேகமாகத் தேய்வதற்கு என்ன காரணம்?

#2 கொதிநிலை

நீங்கள் விவரிக்கும் அறிகுறி மிகத் தெளிவானது. பிரேக் தளர்வதில் இரண்டு வகை உண்டு. பெடல் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே அவற்றைப் பிரித்தறியலாம். பெடல் கல்லைப் போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் ஆழமாக இறங்கி, விட்டு விட்டு மிதித்தால் மேலே வருகிறது என்றால், காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். உங்கள் காலின் விசை அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால்தான் அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டதைப் போலத் தோன்றுகிறது. உங்களுடையது இரண்டாவது வகை.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் 4 தரத்தில் உள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் கிளைக்கால் அடிப்படையிலான இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அடைத்த தொட்டியில் இருந்தாலும் ரப்பர் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதே டாட் 4 ஆயிலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரி மட்டுமே. டாட் 5.1 தரத்துக்கு இந்த எண்கள் 260, 180 என்று இருக்கின்றன. பந்தயப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் ஆயில்கள் புதிய நிலையில் 300 டிகிரியைத் தாண்டுகின்றன. அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதே அவற்றின் விலை. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான் ஆயில், 5.1 என்பதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் ஊற்றவும் வேண்டாம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடுவோம். உங்கள் கார் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிற்கும்போது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6 லட்சம் ஜூல். தடத்தில் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது, கார் நிற்கவே இல்லை என்றாலும், இழக்கும் ஆற்றல் 20 லட்சம் ஜூலுக்கும் சற்று அதிகம். அறை வெப்பநிலையில் உள்ள ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதில் ஒரு சிறு பகுதியைக் காற்றின் எதிர்ப்பு எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்குள்ளேயே போகிறது. ஒரு நிமிடத்துக்குள் அடுத்த வளைவில் இதேபோல் இன்னொரு தவணை. சாலையில் யாரும் ஒரு மணி நேரத்தில்கூட இத்தனை முறை இப்படி பிரேக் மிதிப்பதில்லை.

எனவே முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், அடுத்து பேட். காலிப்பர் என்பது இந்த வரிசையில் வெகுதூரத்தில் இருக்கும் பொருள். காரை நிறுத்துவது இறுதியில் டயரின் பிடிமானமே. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பழைய காலிப்பரால் இறுக்க முடிகிறதென்றால், பெரிய காலிப்பர் முதல் சுற்றில் ஒரு மீட்டரைக்கூடக் குறைத்துத் தராது. பெரிய டிஸ்க் தருவது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவைத்தான். பிஸ்டன்களின் பரப்பளவு மாறினால் பெடல் பயணமும் முன் பின் பிரேக் விகிதமும் மாறிவிடும் என்பதைப் பணிமனையில் சொன்னார்களா?

#3 பிட்லேன்வாசி

கொதிநிலை அவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பயிற்றுநராகப் பயணி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், கால் செய்யும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிராக் டேக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் சாலையில் பழகிய விதத்திலேயே பிரேக் மிதிக்கிறார்கள்: தொடக்கத்தில் மென்மையாக, வளைவு நெருங்க நெருங்க அச்சத்தில் அழுத்தமாக. தடத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும். பெடலை ஓங்கி உதைக்காமல், முன் டயர்கள் சுமையை ஏற்றுக்கொள்ள ஒரு கணம் கொடுத்து, உடனே முழு அழுத்தத்துக்குப் போய், வேகம் குறையக் குறைய காலை மெல்லத் தளர்த்தி, அந்தத் தளர்வு முடியும் இடத்தில் ஸ்டீயரிங் திரும்பியிருக்க வேண்டும். நீண்ட நேரம் மெதுவாக பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கை வேக வைக்கிறது.

#4 கொதிநிலை

கடைசி வரியை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இதை எல்லாப் பயிற்றுநர்களும் சொல்வார்கள். ஆனால் ஆற்றலின் கணக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. ஒரே வேகத்திலிருந்து ஒரே வேகத்துக்கு இறங்கினால், மூன்று நொடியில் இறங்கினாலும் ஆறு நொடியில் இறங்கினாலும் டிஸ்க்குக்குள் போகும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. சொல்லப்போனால், முன்கூட்டியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பவருக்குக் காற்றே கொஞ்சம் உதவி செய்கிறது. குறுகிய, அழுத்தமான பிரேக்கால் கிடைக்கும் நன்மை, டிஸ்க் காற்றில் ஆறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைப்பது மட்டுமே. அதற்கு எதிராக டிஸ்க்கின் மேற்பரப்பு வெப்பம் உச்சத்தில் அதிகமாக ஏறுவதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

#5 பிட்லேன்வாசி

ஏற்றுக்கொள்ளத்தக்க திருத்தம். நான் பார்த்ததை வேறுவிதமாகச் சொல்கிறேன். மெதுவாக பிரேக் மிதித்து வருபவர் எப்போதுமே வேகத்தைத் தேவைக்கு மேல் குறைத்துவிடுகிறார். எங்கே முடிப்பது என்ற குறி அவரிடம் இல்லாததால், 80இல் திரும்பக்கூடிய வளைவுக்கு 65இல் வந்து சேர்கிறார். உங்கள் கணக்கின்படியே 200இலிருந்து 65க்கு இறங்குவதற்கு, 80க்கு இறங்குவதைவிட ஆறு விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலான வெப்பம் பிரேக்கில் சேரும். இழந்த வேகத்தை மறுபடி எட்ட எஞ்சினும் கூடுதலாக உழைக்க வேண்டும். சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வளைவுகள் என்றால் இது சிறிய தொகை அல்ல.

பாதையின் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். டயரின் பக்கவாட்டுப் பிடிமானம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம் என்று கொண்டால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். தடத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி அதே வளைவை 60 மீட்டர் ஆரமாக ஆக்கிக்கொண்டால் 87 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஒரு பொருளும் வாங்காமல் கிடைக்கும் ஏழு கிலோமீட்டர் அது. நீண்ட நேர்த்தடத்துக்கு முன்னால் வரும் வளைவில் மட்டும் உள்விளிம்பைத் தொடும் புள்ளியைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நுழையும் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஸ்டீயரிங்கை முன்கூட்டியே நேராக்கி ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே மிதிக்கலாம். வெளியேறும்போது சேர்த்த வேகம் நேர்த்தடம் முழுவதும் உங்களோடு வரும். 400 குதிரைத்திறன் உள்ள காரில் அந்த முழு மிதியை ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போதே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அடுத்தவர் சொல்லட்டும்.

#6 எதிர்த்திருப்பம்

பின்பக்கம் முன்னே வரும், அதுதான் நடக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை இது: ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்தே ஆக வேண்டும். அது இயங்கும்வரை நீங்கள் செய்யும் தவறுகளை உங்களுக்குத் தெரியாமல் திருத்திக்கொண்டே இருக்கும். எது உங்கள் திறமை, எது கணினியின் திறமை என்று கடைசிவரை தெரியாது. அதோடு அந்த அமைப்பு காரைத் திருத்துவதே தனித்தனிச் சக்கரங்களின் பிரேக்கைப் பிடித்துத்தான். பல கார்களில் வளைவுக்குள் திரும்புவதை எளிதாக்குவதற்காகவே உள்சக்கர பிரேக்கைத் தொடும் வசதியும் இருக்கிறது. உங்கள் பின் பேட் முன் பேட்டைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். நீங்கள் மிதிக்காத நேரத்திலும் பிரேக் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது.

#7 பிட்லேன்வாசி

காரணம் சரி, முடிவு தவறு. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு அழுத்தத்தில் பிரேக் மிதிக்கும்போது இந்தக் காரில் ஏறத்தாழ 300 கிலோ சுமை பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. (ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.7 மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன்.) வளைவின் நடுவில் திடுக்கிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சிறிய அளவில் இதே மாற்றம் நடக்கிறது, பின் சக்கரங்கள் இலேசாகி, கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. இதை உடம்பால் உணர்ந்து கையால் திருத்தப் பழகாதவர், வேலிக்கும் தடத்துக்கும் நடுவே சில மீட்டர் மட்டுமே இருக்கும் இடத்தில் அணைத்துவிட்டு ஓட்டுவதில் என்ன கற்றுக்கொள்வார் என்பது எனக்குப் புரியவில்லை.

இன்றைய செயல்திறன் கார்கள் பலவற்றில் இடைப்பட்ட நிலை ஒன்று இருக்கிறது. ஓரளவு வழுக்கலை அனுமதித்துவிட்டு அதன் பிறகே குறுக்கிடும். அதில் ஓட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு எந்த வளைவில், எந்தக் கணத்தில் மினுக்குகிறது என்று கவனியுங்கள். அது மினுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஆக்சிலரேட்டரையோ ஸ்டீயரிங்கையோ அவசரமாகக் கையாண்டிருக்கிறீர்கள். தொடர்ந்து பல சுற்றுகள் விளக்கே எரியாமல், அதே வேகத்தில் ஓட்ட முடிகிற நாளில் அணைப்பதைப் பற்றிப் பேசலாம். அதையும் முதலில் அகன்ற வெற்றுத்திடலில், நனைந்த தரையில், குறைந்த வேகத்தில் செய்வதே முறை. ஏபிஎஸ்ஸை எந்த நிலையிலும் தொட வேண்டாம்.

#8 எதிர்த்திருப்பம்

நனைந்த திடலில் தொடங்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். விளக்கு எரியாமல் ஓட்டும் பயிற்சி எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது என்பது மட்டும் என் குறை. சில கார்களில் அமைப்பு குறுக்கிட்டாலும் விளக்கு தாமதமாகவே எரிகிறது.

#9 அழுத்தமானி

டயரைப் பற்றி ஒருவரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். முன் டயரின் வெளிவிளிம்பு மட்டும் தேய்வதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கும்: சாலைக் கார்களில் முன் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம் (நெகட்டிவ் கேம்பர்) மிகக் குறைவாக இருப்பது, காற்றழுத்தம் பொருத்தமில்லாமல் இருப்பது, டயர் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்புவது. மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை. முன்பக்கம் திரும்ப மறுத்தால் இன்னும் திருப்பாதீர்கள். சற்றுக் காத்திருங்கள், அல்லது ஆக்சிலரேட்டரை இம்மியளவு தளர்த்துங்கள்.

காற்றழுத்தத்தில் பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். காலையில் 20 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயருக்குள் இருக்கும் காற்று 80 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் 39 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும். வீங்கிய டயர் தரையைத் தொடும் பரப்பு குறைந்து, ஓட்ட அமர்வின் பிற்பகுதியில் கார் எல்லாப் பக்கமும் வழுக்குவதாகத் தோன்றும். ஓட்டுநர் டயர் தேய்ந்துவிட்டது என்று நினைப்பார். எனவே பார்க்க வேண்டியது சூடான அழுத்தத்தையே. தடத்திலிருந்து வந்தவுடன், டயர் ஆறும் முன், நான்கையும் அளந்து, தயாரிப்பாளர் தடப் பயன்பாட்டுக்குச் சொல்லும் அளவுக்குக் காற்றை இறக்குங்கள். பெரும்பாலான தடங்கள் கடிகாரச் சுற்றில் ஓடுவதால் வலப்பக்க வளைவுகளே அதிகம் இருக்கும். இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடேறியிருப்பதை அளவுமானியே காட்டிக்கொடுக்கும்.

டயரின் பக்கச்சுவரில், தரையைத் தொடும் பரப்பு முடியும் விளிம்பான தோள்பட்டைக்கு அருகே சிறிய முக்கோணக் குறி ஒன்று இருக்கும். சாக்பீஸால் அந்த இடத்தில் தோளின் குறுக்கே கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். கோடு முக்கோணத்தின் நுனிவரை அழிந்திருந்தால் டயர் தன் அகலம் முழுவதையும் பயன்படுத்துகிறது. அதையும் தாண்டிப் பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடிந்து உருள்கிறது, அழுத்தம் போதவில்லை. கிளம்பும் முன் மீண்டும் சாலை அழுத்தத்துக்குக் காற்று நிரப்ப மறக்காதீர்கள். ஆறிய பிறகு அந்த டயர் ஆபத்தான அளவுக்குத் தளர்ந்திருக்கும்.

#10 கொடிக்காரர்

நான் ஓட்டுபவன் அல்லன். தடத்தின் ஓரத்தில் கொடியோடு நிற்பவன். இந்த இழையில் பிரேக் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது, பாதுகாப்புக் கருவிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தலைக்கவசம் வாங்கும்போது, அவற்றைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ (கார் பந்தயத்துக்கான) தரமா, எம் தரமா என்று பாருங்கள். எம் என்பது மோட்டார் சைக்கிளுக்கானது. எஸ்ஏ தரத்தில் உள்பூச்சு தீயைத் தாங்குவதற்கான சோதனையும், ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரை அமுங்காமல் காக்கும் கூண்டு) கம்பியில் தலை மோதுவதைக் கருத்தில்கொண்ட சோதனையும் உண்டு. இரண்டும் எம் தரத்தில் இல்லை.

தோற்றத்துக்காகச் சாலை இருக்கையில் நான்கு முனை ஹார்னஸ் (பந்தயக் கார்களில் உள்ள பட்டைக் கட்டு) கட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லாததால், மோதலின்போது தோள்களின் மேல் வரும் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுத்து, உடல் அதன் அடியில் நழுவிப்போகும். பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். கார் உருண்டால் இன்னொரு தீங்கு: தொழிற்சாலை பெல்ட் உடம்பைப் பக்கவாட்டில் சாய விடும், ஹார்னஸ் நிமிர்த்திப் பிடித்திருக்கும். மேலே ரோல் கேஜ் இல்லையென்றால் அமுங்கும் கூரையை எதிர்கொள்வது கழுத்துதான். பொருத்துவதென்றால் இருக்கை, ஹார்னஸ், ரோல் பார், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் பொருத்துங்கள். இல்லையென்றால் தொழிற்சாலை பெல்ட்டே மேல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கொடியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, முந்துவதை நிறுத்த வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் எல்லாரும் தலையசைக்கிறார்கள். ஸ்டீயரிங் மேல் கைபேசியைப் பொருத்திச் சுற்று நேரம் பார்க்கும் ஓட்டுநரின் கண் என் பக்கம் திரும்புவதே இல்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நோர்ட்ஷ்லைஃபே பொதுமக்களுக்குத் திறக்கும் நேரங்களில் சாலை விதிகளே பொருந்தும். இடப்பக்கம்தான் முந்தலாம், நேரம் அளப்பதற்குத் தடை இருக்கிறது. காப்பீட்டுப் பத்திரத்தில் இதுபோன்ற ஓட்டங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வீட்டில் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

#11 உள்வளைவு

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. காலிப்பர் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். ஆயிலை மாற்றும்போது பின்சக்கரத்தின் பிளீட் நிப்பிளில் (பழைய ஆயிலை வெளியேற்றும் திருகு) உள்ளே தெரியும் குழாயைச் செருகிப் பார்த்தேன். முதலில் தேநீர் நிறத்தில் கருத்த ஆயில் வந்தது, அதன் பிறகு கடுகளவுக் குமிழ்கள் வரிசையாக வந்தன. முன் காலிப்பரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையின் ஓரம் கருகிச் சுருங்கியிருக்கிறது. தடத்துக்கான பேட்டையும் வாங்கியிருக்கிறேன். அதே பேட்டோடு சாலையிலும் ஓட்டலாமா? அமர்வு முடிந்து வந்ததும் கை பிரேக் போடக் கூடாது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

#12 கொதிநிலை

அந்த ரப்பர் உறையை இப்போதே மாற்றிவிடுங்கள். தூசியும் நீரும் உள்ளே போனால் பிஸ்டன் இறுகிப்போகும். தடத்துக்கான பேட் குளிர்ந்த நிலையில் கீச்சிடும், டிஸ்க்கைத் தேய்க்கும். அதைவிட முக்கியமாக, வகையைப் பொறுத்து முதல் சில மிதிகளில் சாலைப் பேட் அளவுக்குப் பிடிக்காமலும் போகலாம். சாலையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது பேட் சூடாகும்வரை காத்திருக்க முடியாது. தடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மாற்றி, திரும்பும் முன் பழையதைப் பொருத்துவதே என் வழக்கம். பழகிய கைக்கு அது நீண்ட வேலை அல்ல.

புதிய பேட்டைப் படிய வைப்பதைத் தவறவிடாதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் முறையில் படிப்படியாகச் சூடேற்றி, முழுவதும் நிற்காமல், பிறகு ஆறவிட வேண்டும். பேட்டின் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய சீரான படலமாகப் படிந்தால்தான் உராய்வு சீராக இருக்கும். பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள்; பெரும்பாலும் அந்தப் படலம் சில இடங்களில் தடிமனாகவும் சில இடங்களில் மெலிதாகவும் படிந்திருப்பதுதான் காரணம்.

கை பிரேக் பற்றிய அறிவுரையும் இதே காரணத்தால் வந்தது. கொதிக்கும் டிஸ்க்கை ஒரே இடத்தில் பேட் கவ்விக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் பேட்டின் பொருள் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதி மட்டும் மெதுவாக ஆறும். அமர்வின் கடைசிச் சுற்றை பிரேக்கை இயன்றவரை தொடாமல், கண்ணாடியைப் பார்த்து வேகமாக வருபவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். பிட்டுக்குள் வந்த பிறகும் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆறிய பிறகு சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால் அளவு தப்பும்.

#13 அழுத்தமானி

உள்வளைவு அவர்களுக்கு ஒரு சிறு சேர்க்கை: ஆட்டோமேட்டிக் கியர் என்றால், கட்டையை முதலில் வைத்து, கார் அதன் மேல் சாய்ந்து அசையாமல் நின்றதும் பார்க் நிலைக்கு மாற்றுங்கள். சில புதிய கார்களில் எஞ்சினை அணைத்ததுமே எலக்ட்ரானிக் கை பிரேக் தானாக விழும். அதை நிறுத்தும் முறை கையேட்டில் இருக்கும், புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.